ஸ்டியரிங் பிடித்த கை

அத்தியாயம் 11

“லைசென்ஸ்?” என்று கையை நீட்டினார் இன்சூரன்ஸ் சர்வேயர் ஜெயராமன்.

செபாஸ்தியான் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல் முட்டையை நாகாலாந்துக்கும், அங்கிருந்து இஞ்சியை இங்கேயும் கொண்டு வந்து சேர்த்தவர். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றாதவர் என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார்.

அவருக்குப் பின்னால், ஆர்.சி. புத்தகமும் பாலிசி நகலும் எஃப்.ஐ.ஆர். நகலும் அடங்கிய ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றாள் அவர் மகள் ரீட்டா. திண்டிவனம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே அவர்களுடைய வெள்ளைக் கார் மூக்கு நசுங்கி நின்றது. அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் நடந்ததைக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவளால் தள்ள முடியவில்லை. அனந்தபுரத்தில் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கிறிஸ்டோபர் வீட்டில் மதிய விருந்து. புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா டெய்சி வாசல் வரை வந்து, “வண்டிய சம்மந்திதான ஓட்றாரு?” என்று ஒரு கேள்வி கேட்டு வைத்தார். பெண்பிள்ளை கார் ஓட்டுவது அந்த வீட்டில் ஆகாது. அதற்காகவே அவள் நைனா செபாஸ்தியான் தெரு முனை வரைக்கும் ஓட்டினார். முனை திரும்பியதும் அப்பாவும் மகளும் சீட் மாறிக்கொண்டார்கள். பிரியாணி சாப்பிட்ட கண் நைனாவுக்குச் சொக்கியது.

ஐந்தாவது கிலோமீட்டரில், வளைவில், ஓர் ஆடு. ரீட்டா ஆட்டுக்கு விலகினாள். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தொண்டூர் தனகோட்டிக்கு விலக இடமில்லை. அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மகாலட்சுமி முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். கார் புளியமரத்தில் போய் முட்டி நின்றது.

போலீஸ் வருவதற்குள் நைனா ஒரு காரியம் செய்தார். “நான்தான் ஓட்டினேன். நீ வாயத் தெறக்காத” என்றார். லாரி உலகத்தில் இது சர்வ சாதாரணம். விபத்து நடந்தால் முதலாளி வேறொரு டிரைவரை ஸ்டேஷனுக்கு அனுப்பி வைப்பார். ஆள் மாற்றிக் கொடுப்பது என்று அதற்குப் பெயரே உண்டு. கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்ட பெண்ணை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவாரா அவர்? “இந்த ரெண்டு பேருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்று பூசையில் சாமியார் இரண்டு ஞாயிறு அறிவித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளை மறுநாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை. சர்வேயர் வந்து காரைப் பார்த்துவிட்டால் மிச்சமும் முடிந்துவிடும் என்றுதான் காலையில் அம்மா இருதயமேரி இட்லி வைத்து அனுப்பினாள்.

ஜெயராமன் லைசென்ஸைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஐயா, இது மார்ச் மாசமே முடிஞ்சி போச்சே.”

“எது சார்?”

“உங்க லைசென்ஸ்தான். இப்ப நவம்பரு. எட்டு மாசம் ஆவுது.”

“இருக்காது சார். நல்லா பாருங்க. அது அச்சுல ஏதனா தப்பு இருக்கும்.”

ஜெயராமன் வாதாடவில்லை. தன் கைபேசியில் லைசென்ஸ் எண்ணைத் தட்டிப் போட்டார். அரை நிமிஷம் எதுவோ சுற்றியது. பிறகு திரையை நைனாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கேயும் அதே மார்ச் மாதம்தான் இருந்தது.

ரீட்டாவுக்குக் காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நைனாவின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. லாரியை விட்டு இறங்கி இரண்டு வருஷமாகிறது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும்தான் காரை எடுப்பார். மகளுக்கு வரன் பார்க்கும் அலைச்சலில் மார்ச் மாதம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் யானை விழுந்தால் அடியில் இருப்பவர் கதி?

“இன்னிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயி புதுப்பிச்சிடறேன் சார். ஒரு மணி நேர வேல.”

“புதுப்பிங்க. ஆனா புதுப்பிச்ச தேதிலேர்ந்துதான் செல்லும். திங்கக்கெழமைக்குச் செல்லாது. திங்கக்கெழம சாயங்காலம் நீங்க லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டின ஆளு. பாலிசில அதுக்கு ஒரே பதில்தான். கிளெய்ம் கெடையாது.”

“அப்ப இந்தக் காரு…”

“கார விடுங்க ஐயா. காருன்றது தகரம். தட்டி நிமித்திக்கலாம், இல்லன்னா எடைக்குப் போடலாம்.” ஜெயராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடிபட்டவரு கோர்ட்ல கேஸ் போடுவாரு. போடாம இருப்பாரா? அந்த நஷ்ட ஈட்டக் குடுக்கறதுக்குத்தான் இன்சூரன்ஸே. லைசென்ஸ் இல்லன்னு தெரிஞ்சா கம்பெனி வக்கீல் எழுந்து நின்னு எங்களுக்குப் பொறுப்பில்லம்பாரு. சில சமயம் கோர்ட்டு, ‘மொதல்ல நீ குடு, அப்புறம் வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ணிக்க’ன்னு சொல்லும். சில சமயம் அதுவும் சொல்லாது. எப்பிடியும் வருஷக்கணக்கா இழுப்பாங்க. கடைசில உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.”

நைனா லைசென்ஸைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெயராமன் காரைச் சுற்றி வந்தார். போட்டோ எடுத்தார், ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தார், ஏதோ எழுதினார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா, கொஞ்சம் இதுல உக்காருங்க.”

“எதுக்கு சார்?”

“சும்மா உக்காருங்களேன்.”

நைனா ஆறடி உயரம். உள்ளே நுழைந்து உட்காரப் பார்த்தார். ஸ்டியரிங்கில் வயிறு இடித்தது. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் முட்டின. சீட்டு முன்னால், கடைசிப் பல் வரைக்கும் இழுத்து விடப்பட்டிருந்தது. ஐந்தடி ரீட்டாவுக்கு அப்படி இழுத்தால்தான் கிளட்ச் எட்டும்.

பக்கத்து வண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். ரீட்டா ஃபைலை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“ரெக்கவரி வண்டில தூக்கிக்கினு வந்ததுதான இது?” என்று பொதுவாகக் கேட்டார் ஜெயராமன். “பிரேக் இன்ஸ்பெக்டரும் ஸ்டேஷன்ல நின்ன எடத்துலயே பாத்துருக்காரு. அப்ப சீட்ட யாரும் நவுத்தல. ம். நான் இத எழுத மாட்டேன். என் வேல ஒடஞ்சத கணக்கெடுக்கறது. ஆனா லைசென்ஸ் விவகாரம்னு தெரிஞ்சா கம்பெனி ஒரு இன்வெஸ்டிகேட்டர அனுப்பும். அவன் எழுதுவான். அந்தத் தெரு முனைல பொட்டிக்கட இருந்தாக்கூட போயி கேப்பான்.”

தெரு முனை என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அவர்கள் சீட் மாறிய முனையில் பெட்டிக்கடை இருந்ததா என்று ரீட்டா யோசித்துப் பார்த்தாள்.

“பாப்பா, உனக்கு லைசென்ஸ் இருக்குதா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். “இருக்குது சார். போன வருஷம்தான் எடுத்துச்சி. ஆனா அது வண்டி ஓட்டாது.”

“நான் கேக்கலியே, ஓட்டுமான்னு.” ஜெயராமன் பெருமூச்சு விட்டார். “நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஓனர்தான் ஓட்டணும்னு பாலிசில எங்கயும் எழுதல. பொண்ணு ஓட்டலாம், மருமவன் ஓட்டலாம், பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டலாம். லைசென்ஸ் உயிரோட இருக்கணும், அவ்ளோதான். அப்பிடி ஒருத்தரு ஓட்டியிருந்தா இங்க பிரச்சனையே இல்ல. பிளாஸ்டிக், ரப்பர்னு கொஞ்சம் கழிச்சிக்கினு மிச்சத்த ஒர்க்‌ஷாப்புக்குக் குடுத்துடுவாங்க. அடிபட்டவருக்கு கோர்ட்டு எவ்ளோ சொன்னாலும் கம்பெனிதான் கட்டும். நீங்க நிம்மதியா கல்யாண வேலயப் பாக்கலாம்.”

ரீட்டா ஃபைலைத் திறந்து பாலிசி நகலை எடுத்துப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. பொய் சொன்னதால்தான் எல்லாம் போயிற்று. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நைனா தன் வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அடிபட்டுக் கிடக்கும் மனிதரின் காலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஐந்து நாளாக அவளும் வாயைப் பொத்திக்கொண்டு அதற்கு உடந்தையாக இருந்திருக்கிறாள்.

ஜெயராமன் கிளெய்ம் படிவத்தை மடக்கினார். அதில் ‘விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர்’ என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

“நாளைக்கு சாயங்காலம் நான் ஆபீஸ்ல குடுக்கணும். அதுக்குள்ள இத நெரப்பிக் கையெழுத்து போட்டு குடுங்க. போன்ல நீங்கதான் ஓட்டினதா சொல்லியிருக்கீங்க, எஃப்.ஐ.ஆர்.லயும் அப்பிடித்தான் இருக்குது. இப்ப மாத்திச் சொன்னா கம்பெனி சந்தேகப்படும், தோண்டும். தோண்டினா உண்மதான கெடைக்கும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வரேன்.”

*

இரண்டு பேரும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை தெரிந்துகொண்டே வந்தது. அதைக்கூட ரீட்டா பார்க்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட இருதயமேரி, கரண்டியை அடுப்பு மேடையில் போட்ட வேகத்தில் அது உருண்டு கீழே விழுந்தது.

“லாரி லைசென்ஸ் லாரி லைசென்ஸ்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சியே, அத ஒரு தடவ எடுத்துப் பாக்கறதுக்கு உனக்குக் கண்ணு இல்லியா?”

“மறந்துட்டேன் இருதயம்.”

“சோறு திங்கறதுக்கு மறந்தியா?”

“அம்மா, அத அப்புறம் திட்டிக்கலாம்” என்றாள் ரீட்டா. “நான் ஸ்டேஷன்ல போயி நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்.”

கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்த இருதயமேரி நிமிர்ந்தாள்.

“பைத்தியமா உனக்கு?” என்றாள் அம்மா. கோபம் முழுக்க இப்போது இந்தப் பக்கம் திரும்பியது. “ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. அந்த டெய்சியம்மா கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கினு ஏதனா கொறை கெடைக்குமான்னு பாத்துக்கினு இருக்குது. பொண்ணு காரு ஓட்டிச்சி, ஆள இடிச்சிடுச்சி, போலீஸ்ல கேஸு, அது மட்டுமா, நம்மகிட்ட பொய்யி வேற சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா? சாமியார்கிட்ட போயி தடைன்னு சொல்லிட மாட்டாங்களா? ரெண்டு நாள் பொறுத்துக்கடீ.”

“நாளைக்கு ஃபாரம் போவுதும்மா. நைனா பேரு போட்டு கையெழுத்து போயிட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது.”

நைனா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “லாரி லைன்ல எத்தினி பேரு ஆள் மாத்திக் குடுத்துருக்கறாங்க தெரியுமா? ஒண்ணும் ஆனதில்ல. கோர்ட்டுதான், இழுக்கட்டும். வீடு போனா போவட்டும். உன் வாழ்க்க போவக் கூடாது.”

“தனகோட்டி அண்ணன் வாழ்க்க போனா பரவால்லியா நைனா?”

ரீட்டா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்து நாளாக அந்தப் பக்கம் போகவே பயந்துகொண்டிருந்தாள். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

*

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் பன்னிரண்டாவது கட்டில். தனகோட்டி தூங்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே கம்பி போட்டு, காலைத் தலையணையின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சென்ட்ரிங் வேலை செய்பவர். மூன்றாவது மாடிச் சாரத்தில் பூனை போல நடப்பார் என்று பக்கத்துக் கட்டில்காரர், கேட்காமலே சொன்னார்.

மகாலட்சுமி ரீட்டாவைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். ரீட்டா கொண்டுவந்த பிரட் பாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள், கத்துவாள் என்று தயாராக வந்த ரீட்டாவுக்கு அந்த நிதானம் பயத்தைத் தந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வண்டிய…”

“நீதான ஓட்டின.”

ரீட்டா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“பின்னாடி உக்காந்துக்கினு நான் ரோட்டதான பாத்துக்கினு வந்தேன்? பச்ச சுடிதாரு. எறங்கி ஓடியாந்து அவரு தலைய எடுத்து மடில வச்சிக்கினு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதும் நீதான். உங்க நைனா அந்தப் பக்கத்துக் கதவத் தெறந்துக்கினு எறங்குனாரு.”

“அப்புறம் ஏன்கா? போலீஸ்ல எங்க நைனாதான் ஓட்டினாருன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான?”

“ஆமா.” மகாலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இங்க ஆஸ்பத்திரி வாசல்ல உங்க நைனா என்னியப் பாத்து கும்பிட்டு அழுதாரும்மா. அவ்ளோ பெரிய மனுசன். ‘எம் பொண்ணுக்கு ஓலை வாசிச்சாச்சி, கேஸ்னா கல்யாணம் நின்னுடும், எம் பேர போட்டுக்குங்க’ன்னாரு. எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குது, பத்தாவது படிக்குது. யாரு ஓட்டினா இன்னா, ஒடஞ்ச காலு ஒட்டவா போவுது? எப்பிடியும் இன்சூரன்ஸ்காரன்தான குடுக்கப் போறான், அதுக்கு ஒரு பொண்ணு வாழ்க்கய ஏன் கெடுக்கணும்னு போலீஸ்காரரு கேட்டப்ப அப்பிடியே சொல்லிட்டேன்.”

ரீட்டாவுக்கு அழக்கூட வரவில்லை. அவள் இடித்தவர்களே அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். கூலிக்குப் போகிற வீடு, கால் முறிந்து கிடக்கிற வீடு, அவள் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. அவளோ கல்யாணத்தைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த இன்சூரன்ஸ்தான்கா வராது.”

“இன்னா சொல்ற?”

சொன்னாள். மார்ச் மாதத்தில் தேதி முடிந்த லைசென்ஸ், கம்பெனி வக்கீல், வருஷக்கணக்கு, எதையும் மறைக்காமல் சர்வேயர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். தான் ஓட்டியதாக எழுதியிருந்தால் இந்தத் தொல்லை எதுவுமே இருந்திருக்காது என்பதையும் சொன்னாள்.

மகாலட்சுமியின் கையிலிருந்த பிரட் பாக்கெட் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“அப்ப… என் வீட்டுக்காரரு கால ரெண்டாவது தடவ நானே ஒடிச்சிட்டனா?”

“அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்கக்கா.”

“சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கினதுன்னு சொல்லுவாங்களே, அது நான்தானா?” அவள் குரல் உயர்ந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “டாக்டரு ஒரு வருஷம் சாரம் ஏறக் கூடாதுன்னுட்டாரு. அப்புறமும் ஏறுவாரான்னு தெரியாதுன்னுட்டாரு. அந்தத் துட்டுதாம்மா எங்களுக்கு இருந்த ஒரே ஏற்பாடு! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா உங்க நைனா, லைசென்ஸ் இல்லன்னு?”

“அவருக்கே இன்னிக்குக் காலைலதான்கா தெரியும்.”

மகாலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரீட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள்.

“நான் இப்ப ஸ்டேஷனுக்குத்தான்கா போறேன். நான்தான் ஓட்டினேன்னு சொல்லப் போறேன். உங்களையும் கேப்பாங்க.”

“கேக்கட்டும். பாத்தத சொல்றேன். பாக்காதத சொன்னதுதான் தப்பு.” சொல்லிவிட்டு மகாலட்சுமி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “உன் கல்யாணம்?”

“தெரியாதுக்கா.”

*

பஸ் ஏறுவதற்கு முன் கிறிஸ்டோபருக்குப் போன் செய்தாள். மூன்றாம் மனிதர் சொல்லி அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். பஸ் நிலைய இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறேன். நீ ஓட்டினன்னா… நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“பயந்துட்டேன்.”

“ரெண்டு நாள்தான ரீட்டா. ஞாயித்துக்கெழம ஓல வாசிச்சிடட்டுமே. அப்புறம் போயி சொல்லிக்கலாம்ல?”

எங்கள் வீட்டில் ஒரு அம்மா போதாதா என்று ரீட்டாவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. “அவருக்கு ரெண்டு எடத்துல காலு ஒடஞ்சிருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

“சரி, நான் அம்மாகிட்ட பேசிட்டுக் கூப்புடறேன்.”

செஞ்சி வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை.

செஞ்சி பேருந்து நிலையத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். எந்த பஸ்ஸில் வருவாள் என்று தெரியாமல் எவ்வளவு நேரம் நின்றாரோ, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் விடுவிடுவென்று ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். அவர் தடுக்கவில்லை. இரண்டு அடி பின்னால் வந்தார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மாரியம்மாள் டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அனந்தபுரம் ரோட்டு ஆக்சிடென்ட்டுதான? கார்தான் விட்டாச்சே. இன்னும் இன்னா?”

“மேடம், அந்தக் கேஸ்ல ஒரு தப்பு நடந்துருக்குது. வண்டிய ஓட்டினது யாருன்னு…”

“யாரு?”

“நான்தான்” என்றாள் ரீட்டா.

“நான்தான்” என்றார் நைனா.

இரண்டு குரலும் ஒன்றாக வந்து விழுந்தன. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார். ரீட்டா திரும்பி நைனாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“ஒரு காருக்கு எத்தன ஸ்டியரிங்?” என்றார் மாரியம்மாள்.

ரீட்டா நிறுத்தாமல் பேசினாள். மாப்பிள்ளை வீட்டு விருந்து, தெரு முனை, சீட் மாறியது, ஆடு, பச்சைச் சுடிதார், மகாலட்சுமி பார்த்தது. பேசப் பேச நைனாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மாரியம்மாள் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் ரீட்டாவை அதிகம் கலக்கியது.

“சரி. கோர்ட்டுக்கு மாத்தி ரிப்போர்ட் அனுப்பணும். உம் பேர்ல ஒண்ணு எழுதணும். இவரு பேர்ல ஒண்ணு எழுதணும்.”

“நைனா பேர்ல எதுக்கு மேடம்?”

“எதுக்கா? திங்கக்கெழம இதே எடத்துல நின்னு, நான்தான் ஓட்டினேன்னு போலீஸ்கிட்ட பொய் சொல்லி கையெழுத்து போட்டாரே, அதுக்கு. அது தனி கேஸும்மா.”

உண்மையைச் சொன்னால் தன் தலையில் விழும் என்று ரீட்டா தயாராகத்தான் வந்தாள். நைனாவின் தலையிலும் விழும் என்று சர்வேயரும் சொல்லவில்லை, மகாலட்சுமியும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஒரு கேஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய மனிதரைத் தன் வாயாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல” என்றார் மாரியம்மாள். “நான் இன்னும் பேனாவ எடுக்கல. நல்லா யோசிச்சி சொல்லு. எழுதட்டுமா?”

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

“எழுதுங்க மேடம்” என்றார் நைனா.

மேஜையின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

“எம் பொண்ணுதான் ஓட்டிச்சி. நான்தான் பொய் சொன்னேன். ரெண்டையும் எழுதிக்குங்க.”

ஐந்து நாளில் அந்த வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. ரீட்டாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. திங்கள்கிழமையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, ஒரு ஸ்டேஷனில், முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவில், வெட்கமில்லாமல் வந்தது. நைனா அவள் தலையில் கை வைத்தார்.

மாரியம்மாள் அழுகை ஓயும் வரை காத்திருந்தார். பிறகு ஏட்டிடம் ஒரு புதுத் தாளை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார்.

“பேரு?”

“ரீட்டா.”

“அப்பா பேரு எஃப்.ஐ.ஆர்.லயே இருக்குது. வயசு?”

“இருவத்தஞ்சி.”

“வேல?”

“லேப் டெக்னீஷியன்.”

“கல்யாணம் ஆவப் போவுதா? யாரு மாப்ள?” என்று எழுதிக்கொண்டே கேட்டார் மாரியம்மாள்.

ரீட்டா கையிலிருந்த போனைப் பார்த்தாள். கிறிஸ்டோபர் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை.